பின்சுவர்த் தெரு மைனா பொய்ச் சங்கு ஊதவில்லை என்பது குறித்து

அனுப்புநர்:
சலூன் பெரியவர்
(தங்கள் அறிவிப்பில் ‘பறவையின் உரிமையாளர்’ என்று குறிப்பிடப்பட்டவர்),
மகனின் முடிதிருத்தும் கடை,
ஐஸ் ஆலையின் பின்சுவருக்கு எதிரே,
பின்சுவர்த் தெரு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: வளர்ப்பு மைனாவை அகற்றும் உத்தரவை நிறுத்தி வைக்கவும், ஐஸ் ஆலையின் அபாயச் சங்கையும் இயந்திர அறையையும் நேரில் வந்து பார்க்கவும் வேண்டுதல்.

பார்வை: எங்கள் கடைக் கதவில் பசை தடவி ஒட்டப்பட்ட தங்கள் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோடு போட்ட தாளில் எழுதியும் வரிகள் மேடும் பள்ளமுமாகப் போகின்றன. கை நடுங்கத் தொடங்கியதால்தான் சவரக்கத்தியை மகனிடம் ஒப்படைத்தேன். கத்தி பிடிக்க முடியாத கை பேனா பிடிக்கட்டும், பேனா நடுங்கினால் யாருக்கும் ரத்தம் வராது என்று சொல்லி என் துணைவி எனக்கு எழுத்துகளைக் கற்றுக்கொடுத்தாள். மேலே உள்ள ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்பதை வேறொரு தாளில் பல முறை எழுதிப் பார்த்து, நன்றாக வந்த பிறகே இதில் எழுதினேன். தாங்கள் அதைக் கவனித்தால் மகிழ்வேன்.

நான் மெதுவாக எழுதுபவன். செவ்வாய்க்கிழமை தொடங்கிய இந்த மனு என்று முடியும் என்று தெரியவில்லை. தங்களுக்கு வேண்டாத சொற்களும் இதில் இருக்கலாம். எழுத வருகிறதே என்ற சந்தோஷத்தில் வந்து விழுந்தவை அவை. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. எனக்கென்று வந்து, நானே படித்த முதல் கடிதம் தங்கள் அறிவிப்புதான். படித்துச் சொல்ல வந்த மகனைத் தள்ளி நிற்கச் சொன்னேன். கதவில் மூக்கு உரச, எழுத்தெழுத்தாகப் படித்தேன். ‘பொது அமைதிக்குக் குந்தகம்’ என்ற தொடரை யார் உதவியும் இல்லாமல் முடித்தபோது தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். கடையை ஒட்டிய எங்கள் வீட்டுக்குள்ளிருந்து துணைவி, “என்னங்க, லாட்டரியா விழுந்துச்சு?” என்று கேட்டாள். பொருள் அதற்குப் பிறகே உறைத்தது. மைனாவை இரண்டு வாரத்துக்குள் நாங்களே அப்புறப்படுத்த வேண்டும், இல்லையென்றால் ஊழியர்கள் வந்து எடுத்துச் செல்வார்கள் என்று அதில் இருக்கிறது. ‘பொய்யான அபாய ஒலி எழுப்பி மக்களைப் பீதிக்குள்ளாக்குவது’ காரணமாகக் காட்டப்பட்டிருக்கிறது. அதில் உள்ள ‘பொய்யான’ என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்த மனு முழுவதும்.

2. பறவையைப் பற்றித் தாங்கள் அறிய வேண்டும். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன ஒரு தபால்காரர் எங்களிடம் விட்டுச் சென்ற மைனா அது. யார் என்ன பேசினாலும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைக்கும். அதனால் தெருவில் அதற்கு ‘வக்கீல்’ என்று பெயர். வாடிக்கையாளர் படியேறினால் “வாங்க, உக்காருங்க” என்னும். முடிவெட்டி முடிவதற்குள்ளேயே “அடுத்து யாரு?” என்று கேட்டு, நாற்காலியில் இருப்பவரை அவசரப்படுத்தும். கத்தரிக்கோல் சத்தம், தண்ணீர் பீச்சும் சத்தம், என் இருமல் எல்லாம் அதற்கு வரும். என் துணைவியின் குரலில் “ஏங்க, சோறு ஆறுது” என்று அது கூப்பிட, நான் வீட்டுக்குள் போய், “இன்னும் உலையே வைக்கல, அதுக்குள்ள என்ன அவசரம்?” என்று வாங்கிக் கட்டிக்கொண்ட நாட்கள் உண்டு.

ஆனால் ஐயா, அதற்குச் சொந்தமாக எதுவும் சொல்லத் தெரியாது. கேட்டதைத்தான் சொல்லும். அதுவும் ஒரு தடவை கேட்டது அதன் மண்டையில் ஏறாது. ஒருமுறை கடையில் இரண்டு பேர் கட்டிப் புரண்டு சண்டை போட்டபோது பேசிய வார்த்தைகளில் ஒன்றையும் அது கற்கவில்லை. என் மகன் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணிடம் தினமும் போனில் கெஞ்சும் “கோபமா? சொல்லு, கோபமா?” என்பதை அப்படியே பிடித்துக்கொண்டது. இப்போது சவரத்துக்கு வருபவர்கள் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவனிடம் “கோபமா மாப்ள?” என்றுதான் கேட்கிறார்கள். ஒரு சத்தம் திரும்பத் திரும்பக் காதில் விழ வேண்டும். பிறகு மத்தியான வேளைகளில் அலகை லேசாகத் திறந்து, தனக்குள் முணுமுணுத்துப் பழகும். துண்டு துண்டாக வரும். நன்றாக வந்த பிறகே உரக்கச் சொல்லும். எழுத்து பழகிய எனக்கு இந்த வேதனை நன்றாகவே புரிகிறது.

3. கூண்டு, கடையின் பின் ஜன்னலில் தொங்குகிறது. ஜன்னலுக்கு நேர் எதிரே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில், ஐஸ் ஆலையின் பின்சுவர். அந்தச் சுவரில் இயந்திர அறைக்குக் காற்றுப் போகும் இரும்புச் சட்டம் இருக்கிறது. ஆலையில் வேலை நேரத்துக்கு மணிதான் அடிப்பார்கள். சங்கு ஆபத்துக்கு மட்டும். பனிக்கட்டி செய்ய உள்ளே அமோனியா வாயு ஓடுகிறது. அது கசிந்தால் முதலில் இயந்திர அறையில் ஒரு சின்னச் சங்கு ஊதும். அதைக் கவனித்துச் சரிசெய்யாவிட்டால் கூரை மேல் இருக்கும் பெரிய சங்கு, அதே ராகத்தில், ஊருக்கே கேட்கும்படி ஊதும். இதையெல்லாம் ஆலையின் மேற்பார்வையாளரே ஒரு காலத்தில் எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னார். முன்பக்கம் ரேடியோவும் மின்விசிறியும் ஓடுவதால் சின்னச் சங்கு எங்கள் யார் காதிலும் விழுவதில்லை. பின்பக்கம் எந்நேரமும் இருப்பது பறவை மட்டுமே.

மழை விட்ட ஒரு காலையில் திடீரென்று சங்கு ஊதியது. தெரு முழுவதும் தகரக் கூரை என்பதால் நாலு பக்கமும் எதிரொலித்தது. ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு ஒரு வாடிக்கையாளர் ஓடினார். தையல்கார அம்மா கழுத்தில் அளவு நாடாவோடு ஓடினார். காய்கறி வண்டிக்காரர் தராசை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினார். நான் மைனாக் கூண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எவ்வளவு வேகமாக ஓடியும் சங்குச் சத்தம் குறையவே இல்லை. எங்களைத் துரத்திக்கொண்டே வந்தது. தெருமுனையில் மூச்சு வாங்க எல்லோரும் நின்றோம். அப்போது என் கையில் இருந்த கூண்டுக்குள்ளிருந்து இன்னொரு முறை சங்கு கிளம்பியது. பாதியில் நின்றது. பிறகு ஓர் ஆண் குரல், அலட்டிக்கொள்ளாமல், “ஒண்ணுமில்ல, அணைச்சுடு” என்றது.

எல்லோரும் கூண்டைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அன்று தெரு சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என் துணைவிக்கு முழங்கால் சரியில்லை. நாலு கால் வைத்த நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். நாங்கள் திரும்பி வந்தபோதுதான் அவள் வாசலையே வந்து சேர்ந்திருந்தாள். “பொண்டாட்டிய விட்டுட்டு மைனாவத் தூக்கிட்டு ஓடின ஆம்பள உலகத்துலயே இவரு ஒருத்தர்தான்” என்று இன்றுவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள். சொல்லட்டும். ஆனால் உண்மையாகவே ஓட வேண்டி வந்தால் அவளால் ஓட முடியாது என்பதை அன்றுதான் நான் கண்ணால் பார்த்தேன்.

4. அன்று முதல் எங்கள் தெருவில் சங்குச் சத்தம் சிரிப்புக்கு உரியதாகிவிட்டது. கேட்டதும் “வக்கீல் ஆரம்பிச்சுட்டாரு” என்பார்கள். பால் பொங்கி வழிந்தால், பிள்ளை விழுந்து அழுதால், கணவன் மனைவி சண்டை வந்தால், எல்லாவற்றுக்கும் “ஒண்ணுமில்ல, அணைச்சுடு”தான் பதில். குழந்தைகள் இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். ஒரு பிள்ளை சங்கு ஊதும். மற்ற பிள்ளைகள் ஓடாமல் அப்படியே தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். முதலில் அசைகிற பிள்ளை தோற்றது. அந்த விளையாட்டைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஆலைச் சுவரில் ஓர் எச்சரிக்கை எழுதியிருப்பதையும் இப்போதுதான் படித்தேன். ‘அபாயச் சங்கு ஒலித்தால் உடனே’ என்பது வரை இருக்கிறது. மிச்சத்தின் மேல் ஒரு பனியன் விளம்பரம் வரைந்திருக்கிறார்கள். சேர்த்துப் படித்தால் ‘அபாயச் சங்கு ஒலித்தால் உடனே அணிந்து மகிழுங்கள்’ என்று வருகிறது. எழுத்து கூட்டிப் படித்து முடித்ததும் சிரித்தேன். கடைக்குத் திரும்பி நடக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. உடனே என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது ஐயா.

5. இனி, அந்த ஆண் குரலைப் பற்றி. மேற்பார்வையாளர் எங்கள் பழைய வாடிக்கையாளர். நல்ல மனிதர். சென்ற மாதம் அவர் சவரத்துக்கு வந்திருந்தார். மகன் கத்தியை அவர் தொண்டையில் வைத்திருந்தான். நான் பெஞ்சில் உட்கார்ந்து ‘ழ’ பழகிக்கொண்டிருந்தேன். கடையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அப்போது வக்கீல் சங்கு ஊதி நிறுத்தி, “ஒண்ணுமில்ல, அணைச்சுடு” என்றது. அவருடைய குரல். அச்சு அசலாக அவருடைய குரல். யாரோ, “அட, நம்ம சாரு மாதிரியே சொல்லுதே!” என்று சொல்ல, கடையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கத்திக்கு அடியில் அவர் தொண்டை ஏறி இறங்கியது. மகன் சட்டென்று கத்தியை எடுத்துவிட்டான்.

மிச்சச் சவரம் வேண்டாம் என்று நாற்காலியை விட்டு எழுந்த அவர், எல்லோரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “பெரியவரே, எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. அந்தப் பறவைய எங்கயாவது கொடுத்துடுங்க” என்றார். “உள்ள என்னப்பா நடக்குது?” என்று கேட்டேன். “சின்னக் கசிவுதான். துணி சுத்தி வச்சிருக்கோம். மெஷின நிறுத்தினா சரக்கு பூரா உருகிடும்னு மேல குதிக்கிறாங்க. நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க” என்றார். பாதி முகத்தில் சவரம் மிச்சம் இருந்தது. அதோடு எழுந்து போய்விட்டார். அதன் பிறகு கடைப் பக்கம் அவர் வரவில்லை. தங்கள் அறிவிப்புதான் வந்தது. அவருக்கு ஆபத்து வரும்படி எதுவும் செய்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். குரல் அவருடையதாக இருந்தாலும், அந்த வார்த்தையை அவர் வாயில் வைத்தவர்கள் வேறு.

பறவை அந்தச் சங்கையும் அந்த வார்த்தையையும் கற்றுக்கொண்டிருக்கிறது என்றால், அவை உள்ளே எத்தனை தடவை ஒலித்திருக்க வேண்டும் என்பதைத் தாங்களே யோசித்துப் பாருங்கள்.

6. இந்த மனுவைத் தொடங்குவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடியும் சங்கு கேட்டது. கடையில் யாரும் தலை தூக்கவில்லை. நாற்காலியில் இருந்தவர் கண்ணை மூடியபடியே, “வக்கீல் இன்னிக்கு நல்ல தொண்டையில இருக்காரு” என்றார். வீட்டுக்குள்ளிருந்து என் துணைவி, “ஏய், வாய மூடு! காது கிழியுது” என்று பறவையை அதட்டினாள். நானும் சிரித்துக்கொண்டே, அதன் வாயை அடைக்க ஒரு துண்டு வாழைப்பழத்தோடு கூண்டிடம் போனேன்.

பறவையின் அலகு மூடியிருந்தது.

ஒற்றைக் காலில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, அது எதிர்ச் சுவரைக் கேட்டுக்கொண்டிருந்தது. சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. சத்தம் கூரையிலிருந்து வந்தது. எனக்குக் குரல் எழவில்லை. பழத்தைப் பிடித்த கையோடு திரும்பிப் பார்த்தேன். மகன் வெட்டிக்கொண்டிருந்தான். வெளியே குழந்தைகள் ஒவ்வொருவராகத் தரையில் படுத்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் இருந்தவர், “என்ன லோஷன் தம்பி போட்ட, கண்ணு எரியுது” என்றார். மகன் இன்னும் எந்த லோஷனும் போட்டிருக்கவில்லை.

ஒரு முகத்துக்கு நுரை பூசி முடிக்கும் நேரம் அது ஊதியிருக்கும். பிறகு நின்றுவிட்டது. நடந்ததைச் சொன்னேன். “அப்பா, படிக்கக் கத்துக்கிட்டதுல இருந்து உங்களுக்குக் கற்பனை ஜாஸ்தியாயிடுச்சு” என்றான் மகன். துணைவி மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் வந்து மூக்கைச் சுளித்துப் பார்த்துவிட்டு, “எழுதுங்க” என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

7. ஆகவே ஐயா அவர்களிடம் நான் பணிவுடன் கேட்டுக்கொள்வது:

தாங்களோ தங்கள் பொறியாளரோ ஆலைக்கு முன்கூட்டிச் சொல்லாமல் வந்து இயந்திர அறையைப் பார்க்க வேண்டும். முதலில் எங்கள் கடைக்கு வாருங்கள். பின் ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலி போட்டுத் தருகிறேன். ரேடியோவை அணைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். பறவை சொல்வதைத் தாங்கள் நம்ப வேண்டியதில்லை, அது கேட்பதைத் தாங்களும் கேட்டால் போதும்.

அதுவரை பறவையை எடுத்துச் செல்ல வேண்டாம். அதை எடுத்துவிட்டால் எங்கள் தெருவில் சத்தம் குறையும். கசிவு குறையாது.

ஆலையின் சங்குக்கு வேறு ராகம் வைக்கச் சொல்ல வேண்டும். பழைய ராகத்தைக் கேட்டு எங்கள் ஆட்கள் இனி ஓட மாட்டார்கள். அதைக் கெடுத்ததில் என் வீட்டுப் பறவைக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சுவரில் பனியன் விளம்பரத்தை அழித்து, ‘உடனே’ என்பதற்குப் பிறகு உள்ளதைத் திரும்ப எழுதித் தர வேண்டும். படிக்க இப்போது நான் இருக்கிறேன். படிக்காதவர்களுக்கு நான் உரக்கப் படித்துச் சொல்வேன்.

இதோடு மனுவை நேற்றே முடித்துவிட்டேன், இன்று காலையில் தபாலில் போட்டிருக்க வேண்டும். இன்று திங்கட்கிழமை. ஒன்றைச் சேர்க்க வேண்டியிருப்பதால் நிறுத்தி வைத்தேன்.

வக்கீல் மூன்று நாட்களாகச் சங்கு ஊதவில்லை. “வாங்க, உக்காருங்க” கூடச் சொல்வதில்லை. தெருவில் எல்லோரும் நிம்மதி என்கிறார்கள். ஆனால் மத்தியானங்களில் அது புதிதாக எதையோ முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருக்கிறது. முதலில் எனக்குப் பிடிபடவில்லை. இன்று கூண்டில் காதை வைத்துக் கேட்டேன். முதலில் இரும்புக் குழாயை இரும்பால் தட்டும் சத்தம். பிறகு அதே மேற்பார்வையாளரின் குரல். இந்த முறை அலட்டிக்கொள்ளாத குரல் இல்லை.

“மூட மாட்டேங்குது… மூட மாட்டேங்குது.”

இவ்வளவுதான் இப்போதைக்கு வருகிறது. இன்னும் சரியாக வரவில்லை. நன்றாக வந்த பிறகு உரக்கச் சொல்லும். அது உரக்கச் சொல்லும் வரை தாங்கள் காத்திருக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

காய்கறி வண்டிக்காரரிடம் பேசி, வியாபாரம் இல்லாத நேரத்தில் அவர் வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தி வைக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். சக்கரத்துக்கு எண்ணெய் போட்டாயிற்று. “என்ன, காய்கறிக் கட்டா நான்?” என்று துணைவி கேட்கிறாள். இந்த முறை கூண்டுக்கு முன்னால் அவளைத்தான் தூக்குவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

தங்கள் பதிலைச் சற்றுப் பெரிய எழுத்தில் அனுப்பினால் நானே படித்துக்கொள்வேன். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரமும் தங்களுக்கு எழுதுவேன். இப்போது எழுதத் தெரிகிறது. நாங்கள் இங்கே இருக்கும்வரை எழுதிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
சலூன் பெரியவர்
(இது கைநாட்டு அல்ல, கையெழுத்து)

இடம்: கடையின் பின் ஜன்னல் ஓரம்.
தேதி: செவ்வாய்க்கிழமை தொடங்கி, திங்கட்கிழமை மத்தியானம் முடித்தது.